இடது பக்க சீட்டு நகரணும்

பழைய கெப் வச்சிருக்கிற ரெண்டு பேர் பதுளை டவுன்ல சந்திச்சா என்ன பேசுவாங்க?

எஞ்சின். கியர் பொக்ஸ். டயர். ஒரு லீட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுது.

இடது பக்க சீட்டைப் பத்தி யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதே இல்ல. அதனாலதான் இன்னைக்கு முழுக்க அதைப் பத்தியே எழுதப் போறேன். (நீளமா இருக்கும். ஒரு பிளேன்டீ ஊத்திக்கிட்டு வந்து உக்காருங்க.)

முதல்ல ஒண்ணு கேக்குறேன். நம்ம பக்கத்துல அந்த சீட்டுல யாரு உக்காந்து போறாங்க?

தோட்டத்துல ராத்திரி யாருக்காவது முடியலேன்னா, வண்டி வச்சிருக்கிறவர் வீட்டுக் கதவைத்தான் முதல்ல தட்டுவாங்க. மடுல்சீமையா இருந்தாலும் சரி, நமுனுகுலையா இருந்தாலும் சரி, இதான் வழக்கம். வயித்துப் பிள்ளைக்காரி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்ற தாத்தா, மலையில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்ட அக்கா... எல்லாரையும் டிரைவர் பக்கத்து சீட்டுல உக்கார வச்சுத்தான் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றோம். ஒரு வண்டியில ரொம்ப முக்கியமான ஆளு உக்கார்ற இடம் அது.

அந்த சீட்டு நகராதுன்னா அது சின்ன விஷயமா? எனக்கு அப்படித் தோணல.

எங்க சித்தப்பாகிட்ட ஒரு ஜப்பான் டபுள் கெப் இருக்கு. தொண்ணூறுகள்ல வந்தது. வெலிமடைப் பக்கம் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஏத்துவாரு. கல்யாணம், கருமாதின்னா ஆள் ஏத்துவாரு. மூட்டை கூடிப்போற நாள்ல பின் சீட்டுலயும் மூட்டைய அடுக்கணும்ல, அதுக்காக முன்னால இருக்கிற இடது சீட்டை ஒரேயடியா முன்னுக்குத் தள்ளி விட்டுருவாரு. கிழங்கு சீசன் முடியிற வரைக்கும் அது அப்படியே கிடந்துச்சு. அப்புறம் பின்னுக்கு இழுத்தா வரல.

அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். வாழ்நாளெல்லாம் கொழுந்தோட மலை ஏறி இறங்கின முட்டி அது. மாசாமாசம் பதுளைக்கு கிளினிக் கூட்டிட்டு வரணும். சீட்டு முன்னால கிடக்குறதால முட்டி போய் டேஷ்போர்டுல இடிக்குது. காலை நீட்ட இடமில்ல. மடக்கினா வலி. பசறை ரோட்டுல வளைவுக்கு வளைவு அம்மா ஒரு கையால டேஷ்போர்டைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே வர்றாங்க.

கேட்டா, "பரவால்ல தம்பி, கொஞ்ச தூரந்தானே"ங்கிறாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க எரிச்சல்! இந்த 'பரவால்ல'வைச் சொல்லிச் சொல்லியே நம்ம அம்மாமாருங்க எல்லா வலியையும் தாங்கிப் பழகிட்டாங்க. ஒரு சீட்டை நகர்த்துறதுக்கு வக்கில்லாம அவங்களை இன்னொரு வலியத் தாங்கச் சொல்றதா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இதைச் சரி பண்ணாம விடுறதில்லன்னு.

டவுன்ல ஒரு குஷன் கடையில காட்டினோம். (பேர் வேணாம்.) அவரு எட்டிப் பாத்துட்டு, "நடுவாக்குல கொண்டு வந்து வெல்ட் அடிச்சு ஒரேயடியா நிப்பாட்டிரலாம்"ன்னாரு.

வேண்டவே வேண்டாம்!

இதை யார் சொன்னாலும் தலையாட்டிராதீங்க. சீட்டு ரெயில் வலுவான தகடு. வெல்ட் சூடு பட்ட இடத்துல அந்த வலு எவ்வளவு மிச்சம் இருக்கும்னு பாத்துச் சொல்ல முடியாது. அதுக்கு மேல, ரெயிலுக்கு மேல இருக்கிறது ஸ்பொஞ்சு, கீழ இருக்கிறது கார்ப்பெட். ஒரு பொறி போதும். அது மட்டுமில்ல, நடுவாக்குல நிப்பாட்டின சீட்டு நெட்டையான ஆளுக்கும் ஆகாது, கால் நீட்ட வேண்டிய நோயாளிக்கும் ஆகாது.

அப்புறம் ஹாலிஎலப் பக்கம் சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு பாஸ்கிட்ட போனோம். வயசான மனுஷன். சீட்டைத் தொடவே இல்ல அவரு. என்னைய கூப்பிட்டு, "மல்லி, லீவரத் தூக்கு, காதைக் கீழ வையி"ன்னாரு.

தூக்கினேன்.

"எத்தன சத்தம்?"

ஒரே ஒரு 'டக்'. கியர் பக்கத்துல இருந்து மட்டும்.

"அவ்வளவுதான் வியாதி"ன்னாரு.

இதை நல்லா விளங்கிக்கிட்டா மிச்சம் எல்லாம் சுலபம், அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன். சீட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் ரெண்டு சோடி ரெயில் இருக்கு. கீழ் ரெயில் தரையோட போல்ட் போட்டிருக்கும். மேல் ரெயில் சீட்டோட ஒட்டி வரும். நடுவுல சின்னச் சின்ன குண்டோ உருளையோ உருளும். கீழ் ரெயில்ல வரிசையா ஓட்டை இல்லன்னா பல்லு இருக்கும், லொக்கு அதுல போய் விழுந்து பிடிச்சுக்கும். நம்ம தூக்குற லீவர் ஒரு பக்கத்து லொக்கைத்தான் நேரடியாத் தூக்குது. அடுத்த பக்கத்து லொக்கை ஒரு கம்பி குறுக்கால போய் இழுத்து விடும். (எல்லா வண்டியிலும் இப்படி இல்ல. சிலதுல ஒரு பக்கம் மட்டுந்தான் லொக்கு. குனிஞ்சு பாத்தா தெரிஞ்சுரும்.)

சித்தப்பா வண்டியில கதவுப் பக்கத்து லொக்கு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. கம்பியும் ஒரு முனையில கழண்டு தொங்குது. ஒரு பக்கம் விடுது, மறுபக்கம் விடல. இந்த நிலமையில நம்ம பலத்தையெல்லாம் போட்டு இழுத்தா என்ன ஆகும்? மேசை லாச்சிய ஒரு ஓரத்தை மட்டும் பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு இன்னும் இறுகும்ல, அதேதான்.

அதனால முதல் பாடம்: இழுக்காதீங்க. கேளுங்க. லொக்கு விடலையா, லொக்கு விட்டும் ரெயில் ஓடலையா? ரெண்டும் வேற வேற வியாதி, வைத்தியமும் வேற.

அடுத்தது, பாக்குறது. குனிஞ்சு தலைய உள்ளுக்கு விட்டா ஒண்ணும் தெரியாது. போன்ல டோர்ச்சைப் போட்டு, வீடியோவ ஓட விட்டு, கையோட சீட்டுக்கு அடியில ஒரு சுத்து சுத்தி எடுங்க. வெளிய எடுத்து ஆறுதலாப் பாருங்க. எனக்கு இது ரொம்ப உதவிச்சு.

வீடியோவுல என்ன இருந்துச்சு தெரியுமா? கச்சான் கோது, டொபி பேப்பர், ரெயிலுக்குள்ள நட்டுக்க நின்ன ஒரு பத்து ரூபாக் குத்தி, காஞ்சு சுருண்ட கொழுந்து. அதுக்கு மேல நம்ம ஊர்ச் செம்மண்ணு. பழைய கிரீசும் மண்ணும் ஒண்ணாச் சேந்து, கறுப்பும் சிவப்புமா, நகத்தால சுரண்டினா நகம் உடையிற மாதிரி ஒரு கட்டி. குண்டு ஓட வேண்டிய பள்ளம் முழுக்க அதுதான்.

எங்க இருந்து வந்துச்சு இவ்வளவும்?

நம்ம ஊவா மாகாணத்துக் காலநிலையே இதுக்கு ஏத்த மாதிரித்தான் இருக்கு. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மழை. பூட்ஸ் நிறைய சேறோட ஏறுவோம். கால் வைக்கிற இடத்து ரப்பர் மெட்டுக்குக் கீழ ஈரம் நிக்கும். அப்புறம் ஆடி, ஆவணியில காஞ்ச காத்து. ஊவாத் தேயிலைக்கு உலகமெல்லாம் பேர் வாங்கிக் கொடுக்கிற காத்து அது, யூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் பறிக்கிற கொழுந்துக்குத்தான் அந்த வாசம். அதே காத்துதான் தோட்டத்து மண் ரோட்டுப் புழுதியக் கொண்டு வந்து வண்டிக்குள்ள கொட்டுது. மழைக்கு ஊறின துரு மேல வெயிலுக்குப் புழுதி. வருஷாவருஷம் இது ஒரு படையாப் படியும்.

டிரைவர் சீட்டுலயும் இதே மண்ணுதான் விழுது. ஆனா அது சிக்குறதில்ல, ஏன்? தம்பி ஓட்டினா பின்னுக்குத் தள்ளுவான், சித்தப்பா ஓட்டினா முன்னுக்கு இழுப்பாரு. ஓடிக்கிட்டே இருக்கிற ரெயில்ல மண்ணு கட்டி ஆகுறதுக்கு நேரம் கிடைக்காது. இடது சீட்டை யாரும் தொடுறதில்ல. தொடாமக் கிடக்கிறதுதான் அதுக்கு வந்த நோய்.

சரி, வேலைக்கு வருவோம்.

வேக்கியூம் இருந்தா உறிஞ்சி எடுங்க. இல்லன்னா டயர் கடையில காத்தடிக்கிற பைப்ல கொஞ்சம் அடிச்சுத் தரச் சொல்லுங்க (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு!). மிச்சத்த மெல்லிசான ஸ்க்ரூ டிரைவரால கிளறி, பழைய பல் பிரஷ்ஷால தள்ளி எடுக்கணும். பொறுமையான வேலை. எனக்கு இதுல ஒரு சந்தோஷமே வந்துருச்சு, கட்டி ஒண்ணொண்ணாப் பேந்து வரும்போது.

அடுத்தது எண்ணெய். எல்லாரும் கையில எடுக்கிறது டபிள்யூ டி 40. நல்ல சாமான்தான். 1953ல அமெரிக்காவுல சான் டியாகோ ஊர்ல ரொக்கெட் தொழிலுக்காகச் செஞ்சது, இரும்பு மேல இருக்கிற தண்ணிய விரட்டி துருப்பிடிக்காம வைக்கிறதுக்கு. துருவ இளக்கும், ஆனா கிரீஸ் செய்யிற வேலைய அது செய்யாது. அடிச்ச அன்னைக்கு வழுக்கிக்கிட்டு ஓடும், கொஞ்ச நாள்ல காஞ்சிரும், ரெயில்ல மிச்சமிருந்த கிரீசையும் கழுவிட்டுப் போயிருக்கும். அதனால திறக்கிறதுக்கு மட்டும் அது.

லொக்கு, குண்டு ஓடுற பள்ளம், கம்பி முனை, எல்லாத்துலயும் அடிச்சு விட்டுட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டோம். மண்ணெண்ணையும் இளக்கும், ஆனா வண்டிக்குள்ள வச்சு ஊத்தாதீங்க. நாத்தம் போகாது, நெருப்புப் பயமும் இருக்கு. சீட்டை வெளிய எடுத்த பிறகு, முத்தத்துல வச்சுக் கழுவத்தான் மண்ணெண்ண.

மறுநாள் காலையில பாஸ் சொன்னபடி ஆளுக்கு ஒரு இடத்துல நின்னோம். நான் லீவரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். தம்பி கதவுப் பக்கமா நின்னு நீட்டு ஸ்க்ரூ டிரைவரால இறுகின லொக்கை மெதுவா நெம்பினான். சித்தப்பா பின் சீட்டுல உக்காந்து, சீட்டோட அடிச் சட்டத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சாரு.

அடிச் சட்டம்னு சொன்னதைக் கவனிங்க. சாய்மானத்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. சாய்மானத்தை இழுத்தா அந்த மடக்குப் பல்லுதான் தேயும், சீட்டு நகராது. தரைக்குக் கிட்ட, ரெயிலுக்குப் பக்கத்துல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பலம் போகணும்.

பாஸ் வெளிய நின்னுக்கிட்டு, "ஹெமின், ஹெமின்"ன்னு (மெதுவா, மெதுவா) சொல்லிக்கிட்டே இருந்தாரு.

கொஞ்சம் பின்னுக்கு. கொஞ்சம் முன்னுக்கு. திரும்பப் பின்னுக்கு. ஒரு நூல் அளவு அசைஞ்சா அங்கேயே திரும்ப எண்ணெய். சுத்தியல எடுத்து ரெயில் உதட்டுல ஒரு போடு போட்டா அது வளைஞ்சுரும். வளைஞ்ச ரெயில்ல குண்டு எந்தக் காலத்துலயும் ஒழுங்கா ஓடாது. தட்டியே ஆகணும்னா மரக்கட்டைய வச்சு, அடிச் சட்டத்துல மட்டும் தட்டுங்க.

திடீர்னு 'கரக்'குன்னு ஒரு சத்தம். சீட்டு முழுசாப் பின்னுக்கு ஓடிப் போச்சு!

தம்பி போட்ட சத்தத்துல பக்கத்து லயத்துப் பிள்ளைங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க.

ஆனா இதோட நிப்பாட்டிறக் கூடாது. பெரும்பாலானவங்க இங்கதான் "சரியாயிருச்சு"ன்னு கதவைச் சாத்திட்டுப் போயிருவாங்க. அடுத்த மழைக்குத் திரும்ப இறுகும். ஓடுற நேரத்துலதான் சீட்டைக் கழட்டணும்.

ஏன் ஓடுற நேரத்துலன்னா, போல்ட் இருக்கிற இடம் அப்படி. முன் போல்ட் ரெண்டும் தெரியணும்னா சீட்டு பின்னால போகணும். பின் போல்ட் ரெண்டும் தெரியணும்னா சீட்டு முன்னால வரணும். சிக்கின சீட்டைக் கழட்டவும் முடியல, கழட்டாம சிக்கை எடுக்கவும் முடியலன்னு எல்லாரும் தவிக்கிறது இதனாலதான். ஜப்பான் வண்டியில பெரும்பாலும் 14ஆம் நம்பர் சொக்கெட் பொருந்தும். இன்னொரு விஷயம்: புது வண்டிகள்ல சீட்டுக்குள்ளேயே எயார் பேக் இருக்கும், அடியில மஞ்சள் பிளக் தெரியும். அதைக் கண்டா கைய எடுத்துட்டு, தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க. எங்க வண்டி அதுக்கெல்லாம் முந்தினது.

வெளிய எடுத்த ரெயிலை மண்ணெண்ணையில கழுவி, கம்பி பிரஷ்ஷால துருவ எடுத்து, வெயில்ல காய வச்சோம். வெடிப்பு இருக்கான்னு நல்லாப் பாத்தோம். கழண்ட கம்பிக்குப் புதுசா ஒண்ணை மாட்டினாரு பாஸ். லொக்கு ஸ்பிரிங் ரெண்டுக்கும் ஒரே இழுவை இருக்கான்னு விரலால சரி பாத்தாரு. அப்புறம் வெள்ளை லித்தியம் கிரீஸ், கொஞ்சமா, குண்டு ஓடுற இடத்துல மட்டும். அள்ளிப் பூசினா ஆடி மாசப் புழுதியெல்லாம் அதுலதான் வந்து ஒட்டும். கழிவு எஞ்சின் ஒயில் வேணவே வேணாம். உடுப்பெல்லாம் போயிரும்.

திருப்பிப் பூட்டும்போது ரெண்டு பக்கமும் ஒரே பல்லுல நிக்குதான்னு பாத்து, நாலு போல்ட்டையும் முதல்ல கையால பிடிக்க விட்டு, அப்புறம் மாத்தி மாத்தி இறுக்கணும். ஒண்ணை மட்டும் முதல்லயே இறுக்கிட்டா ரெயில் கோணிரும்.

இப்ப வர்றதுதான் இந்தப் பதிவுலயே பெரிய விஷயம்.

சீட்டு நகர்ந்தா பாதி வேலைதான். நகர்த்தின இடத்துல பூட்டிக்கிட்டு நிக்கணும். ஒவ்வொரு பல்லுலயும் வச்சு, உக்காந்து, காலைத் தரையில ஊண்டி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. ரெண்டு பக்கமும் 'டக், டக்'குன்னு விழணும். ரெண்டு லொக்கு இருந்தும் ஒரு பக்கம் மட்டும் விழுந்தா அந்த வண்டியில ஆள் ஏத்தாதீங்க. நம்ம ரோட்டுல இறக்கத்துல பிரேக் அடிச்சா பூட்டாத சீட்டு ஆளோட முன்னுக்கு ஓடும். ஏத்தத்துல எடுத்தா பின்னுக்கு ஓடும். டிரைவர் சீட்டுன்னா காலுக்கு பிரேக்கே எட்டாது.

அமெரிக்காவுல 1968லயே இதுக்குச் சட்டம் வந்துருச்சு. சீட்டோட எடைய மாதிரி 20 மடங்கு விசையில இழுத்தாலும் அது இருந்த இடத்துல நிக்கணும்னு. நம்ம நாட்டுல 2011ல முன் சீட்டுக்காரங்களுக்கு பெல்ட்டைக் கட்டாயமாக்கினாங்க. பெல்ட் போட்டிருக்கமான்னு பொலிஸ் பாப்பாங்க. சீட்டு பூட்டியிருக்கான்னு நம்மதான் பாக்கணும்.

அப்புறம் தண்ணி. துருவுக்குக் காரணம் சீட்டு இல்ல, தண்ணி. அது எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம விட்டா செஞ்ச வேலையெல்லாம் வீண். எங்க வண்டியில ரெண்டு இடம். கதவோட அடியில தண்ணி வடியிறதுக்கு ஓட்டை இருக்கும், அது சேறு அடைச்சுக் கிடந்துச்சு. வைப்பருக்குக் கீழ இருக்கிற பள்ளத்துல சவுக்கு மரத்து இலை மக்கி அடைச்சிருந்துச்சு. தோட்டத்துல நிழலுக்குன்னு வண்டிய அந்த மரத்தடியிலதானே விடுறோம். ரெண்டையும் துப்புரவாக்கி, மெட்டைத் தூக்கி வெயில்ல போட்டோம். மழை நாள்ல ராத்திரி மெட்டைக் கழட்டிக் காய வைக்கிறதை இப்ப சித்தப்பா பழக்கமாக்கிட்டாரு.

2003ல பிபிசியோட டொப் கியர் நிகழ்ச்சியில ஒரு பழைய ஹைலக்ஸ் கெப்பைக் கடல்ல முக்கி, நெருப்பு வச்சு, இடிக்கப் போற கட்டடத்து உச்சியில ஏத்தி, கட்டடத்தோட சேத்துத் தள்ளினாங்க. அப்பயும் ஸ்டார்ட் ஆச்சு. அதை நானும் வாய் பொளந்து பாத்திருக்கேன். பழைய கெப்புன்னா நமக்கெல்லாம் அந்தப் பெருமைதான். ஆனா எஞ்சின் ஓடுறது வண்டிக்குப் பெருமை. உள்ள இருக்கிற ஆளுக்கு வேண்டியது, காலை நீட்டி உக்காந்து, பத்திரமாப் போய்ச் சேர்றது.

இன்னொண்ணும் இருக்கு. 2020 மார்ச்சுல நம்ம நாட்டுல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க. தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025ல. இடையில பழைய கெப்பு வெலை ஏறின ஏத்தத்தை எல்லாரும் பாத்தோம். திறந்த பிறகும் வரியோட சேத்து புதுசு வாங்குறது நம்ம ஆளுங்களுக்கு எட்டுற காரியமா? இன்னும் பல வருஷத்துக்கு இந்தப் பழைய வண்டிகள்தான் தோட்டத்துக்கு லொறி, இதுங்கதான் ஆம்புலன்ஸ். அப்ப அதை முழுசாப் பாத்துக்கணும், போனட்டுக்கு அடியில மட்டும் இல்ல.

அதனால யாராவது பழைய கெப் வாங்கப் போறீங்கன்னா, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி இடது கதவைத் திறங்க. லீவரத் தூக்குங்க. சீட்டு சுலபமா ஓடி, ரெண்டு சத்தத்தோட பூட்டுதுன்னா, அதை வச்சிருந்தவர் பக்கத்துல உக்கார்றவங்களையும் நினைச்சவரு. ஓடலையா? மெட்டைத் தூக்கிப் பாருங்க. தரைத் தகடு துருப்பிடிச்சு மெத்துமெத்துன்னு இருந்தா வெலை பேசவே வேணாம், வந்துருங்க. தகடு நல்லா இருந்து ரெயில் மட்டும் சிக்கியிருந்தா தைரியமா வாங்குங்க. பல் பிரஷ்ஷும், கொஞ்சம் எண்ணெயும், பிடிக்கிறதுக்கு வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் இருந்தா போதும், சரி பண்ணிரலாம்.